"எல்லாம் ஊதாவும் ரோஸுமாகத்தான் தெரிகிறது": பெத்தாலஜி முதலாண்டு மாணவிக்கு ஒரு பதில்

வாசகியின் கடிதம், சுருக்கமாக

தண்டையார்பேட்டையிலிருந்து எழுதியிருக்கும் வாசகிக்கு வயது 28. நகரின் ஓர் அரசு மருத்துவக் கல்லூரியில் எம்.டி. பெத்தாலஜி (திசுவையும் இரத்தத்தையும் பரிசோதித்து நோயைக் கண்டறியும் துறை) சேர்ந்து ஏழு மாதம் ஆகிறது. குடும்பத்தின் முதல் டாக்டர். அப்பாவுக்குக் காசிமேட்டில் மீன்பிடித் தொழில். ஜெனரல் மெடிசின்தான் ஆசை, ரேங்க் இடம் கொடுக்கவில்லை. "நோய்களின் அடிப்படையைச் சொல்லும் பெரிய புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து வரி விடாமல் படிக்கிறேன். 11-வது அத்தியாயத்தில் நிற்கிறேன், முதல் அத்தியாயம் மறந்துவிட்டது. மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தால் எல்லாம் ஊதாவும் ரோஸுமாகத்தான் தெரிகிறது. கூடப் படிப்பவர் பார்த்த நொடியில் நோயின் பெயரைச் சொல்லிவிடுகிறார். பேராசிரியர் என்னிடம் 'அந்த செல் ஏன் அங்கே வந்தது?' என்று கேட்டால் வாயடைத்து நிற்கிறேன். சீட்டை விட்டுவிட்டு மறுபடி நீட் எழுதலாமா?" என்று கேட்கிறார். தெருவில் "பொணம் அறுக்குற டாக்டர்" என்று பேசுவது அம்மாவை வாட்டுகிறதாம். கடைசி வரியில், போகிற போக்கில் இப்படி முடித்திருக்கிறார்: "இப்போது 7 வாரம் கர்ப்பம். துறையில் யாரிடமும் சொல்லவில்லை. என்95 மாஸ்க் போட்டுத்தான் குரோசிங் (ஃபார்மலினில் ஊறிய உறுப்பை வெட்டிப் பார்த்து மாதிரித் துண்டு எடுப்பது) செய்கிறேன், அதனால் பயமில்லை." அவரை அடையாளம் காட்டக்கூடிய மற்ற விவரங்களை நீக்கியிருக்கிறோம்.

ஆலோசகரின் பதில்

அன்புச் சகோதரிக்கு,

படிப்பைப் பற்றி நான்கு பக்கம் எழுதிவிட்டுக் கர்ப்பத்தை ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். அந்த வரிக்குத்தான் முதல் பதில், ஏனென்றால் அதில் ஒரு தவறான நம்பிக்கை இருக்கிறது.

என்95 மாஸ்க் ஃபார்மலினைத் தடுக்காது

என்95 தூசியையும் நுண்துளிகளையும் வடிகட்டும். திசு கெடாமல் காக்கும் ஃபார்மலின் திரவத்திலிருந்து எழுவது ஃபார்மால்டிஹைடு வாயு. வாயு மூலக்கூறு அந்த இழைகளுக்கு நடுவே தாராளமாக நுழைந்து வரும். அதைத் தடுக்க ஃபார்மால்டிஹைடுக்கென்றே தயாரித்த கார்ட்ரிட்ஜ் பொருத்திய ரெஸ்பிரேட்டர் வேண்டும், அதுவும் முகத்தில் இடைவெளியின்றிப் பொருந்த வேண்டும். "எனக்கு இப்போதெல்லாம் நெடியே தெரிவதில்லை" என்பதும் ஆறுதல் இல்லை. மூக்கு சில நிமிடங்களில் அந்த வாசனைக்குப் பழகிவிடும். காற்றில் அளவு குறைந்ததாக அதற்கு அர்த்தமில்லை.

நாம் 10 சதவீத ஃபார்மலின் என்று சொல்லும் கரைசலில் சுமார் 4 சதவீதம் ஃபார்மால்டிஹைடு இருக்கிறது. மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதி என்ற முதல் வகுப்பில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை அதை வைத்திருக்கிறது. 8 மணி நேர வேலையில் சராசரியாகப் பத்து லட்சத்தில் 0.75 பங்குக்கு மேல் சுவாசிக்கக் கூடாது என்பது அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு விதி. கர்ப்பத்தைப் பொறுத்தவரை, வேலையிடத்தில் இதை அதிகம் சுவாசித்த பெண்களிடம் கருச்சிதைவு கூடுதலாக இருந்ததாகச் சில ஆய்வுகள் காட்டுகின்றன. அவை முடிந்த முடிவு அல்ல. ஆகவே கடந்த ஏழு வாரத்தை நினைத்து இரவெல்லாம் விழித்திருக்க வேண்டாம். ஆனால் தவிர்க்க முடிந்த ஒன்றை இனியும் தவிர்க்காமல் இருக்க ஒரு காரணமும் கிடையாது. திசுவைத் தயார்செய்யப் பயன்படும் சைலீன் என்ற கரைப்பானுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். டிஷ்யூ பிராசசர் அறையிலும் ஸ்லைடு ஒட்டும் மேசையிலும் அதன் ஆவி நிறைய உண்டு.

செய்ய வேண்டியது இது. மகப்பேறு மருத்துவரிடம் கர்ப்பத்தை உறுதிசெய்யும் சான்று வாங்கி, துறைத் தலைவருக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள். "குரோசிங் போஸ்டிங்கைத் தள்ளிவைத்து, அதற்குப் பதில் ஹெமட்டாலஜி, இரத்த வங்கி, கிளினிக்கல் பெத்தாலஜி போஸ்டிங்குகளை முன்னுக்குக் கொண்டுவர வேண்டுகிறேன்" என்று மட்டும் கேளுங்கள். மூன்று வருடத்தில் நீங்கள் முடிக்க வேண்டிய வாரங்கள் அப்படியே இருக்கும், வரிசை மட்டும் மாறும். இதில் சலுகை எதுவும் இல்லை. நகலில் தேதியோடு பெற்றுக்கொண்ட கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மாற்றிக் கொடுக்கும் வரை ஒருநாள் குரோசிங் மேசையில் நின்றே ஆக வேண்டுமென்றால், ஸ்பெசிமனை முதலில் ஓடும் தண்ணீரில் நன்றாக அலசச் சொல்லுங்கள், பக்கெட் மூடி திறந்தே கிடக்க விடாதீர்கள், எக்ஸாஸ்ட் ஓடுகிறதா என்று பாருங்கள், லேடெக்ஸுக்குப் பதில் நைட்ரைல் கையுறை போட்டு நனைந்தவுடன் மாற்றுங்கள். டிபி சந்தேகமுள்ள பச்சைத் திசுவைக் கிரையோஸ்டாட்டில் (திசுவை உறையவைத்துச் சீவும் கருவி) வெட்டும் வேலையை யாராக இருந்தாலும் தவிர்ப்பது நல்லது. நீங்கள் கட்டாயம் தவிர்க்க வேண்டும்.

மகப்பேறு விடுப்பு கேட்டால் படிப்பே போய்விடும் என்ற பயமும் உங்கள் வரிகளுக்கு நடுவே தெரிகிறது. தேசிய மருத்துவ ஆணையத்தின் 2023 முதுநிலை விதிகள், மாணவிகளுக்கு அரசு விதிப்படி மகப்பேறு விடுப்பு உண்டு என்று தெளிவாகவே சொல்கின்றன. பயிற்சிக் காலத்தில் 80 சதவீத வருகை வேண்டும், அனுமதித்ததற்கு மேல் போகும் விடுப்பு நாட்களுக்கு ஈடாகப் பயிற்சி நீளும். உங்கள் தேர்வு சில மாதம் தள்ளிப் போகலாம், சீட் போகாது. மறைத்து வைத்தால்தான் கடைசியில் வருகைக் கணக்கில் சிக்கல் வரும்.

ஊதா ஏன் ஊதா, ரோஸ் ஏன் ரோஸ்

இப்போது படிப்புக்கு வருகிறேன். ஊதாவும் ரோஸும் மட்டும் தெரிகிறது என்று வெட்கத்தோடு எழுதியிருக்கிறீர்கள். அங்கிருந்தே தொடங்கலாம், ஏனென்றால் அந்த இரண்டு நிறத்துக்கும் காரணம் இருக்கிறது. ஹெமட்டாக்சிலின் என்ற சாயம் நியூக்ளிக் அமிலங்களைப் பிடித்துக்கொள்ளும், அதனால் உட்கரு ஊதா. இயோசின் என்ற சாயம் உட்கருவைச் சுற்றியுள்ள சைட்டோபிளாசப் புரதங்களைப் பிடிக்கும், அதனால் மிச்சம் ரோஸ். ஒரு செல் இறக்கும்போது சைட்டோபிளாசத்தில் இருக்கும் ஆர்.என்.ஏ. அழிகிறது, ஊதாவைப் பிடிக்க ஆள் குறைகிறது. உருக்குலைந்த புரதங்கள் இயோசினை முன்பைவிட அதிகம் பிடிக்கின்றன. ஆகவே இறந்த திசு பளிச்சென்று ரோஸாகத் தெரியும், உட்கரு சுருங்கிக் கருத்துப் பிறகு கரைந்து போகும். இனி ஒரு ஸ்லைடில் "இந்த இடம் மட்டும் ஏன் அடர்ந்த ரோஸ்?" என்று நீங்களே கேட்டால், நெக்ரோசிஸ் என்ற சொல்லை மனப்பாடம் செய்யத் தேவையில்லை, கண்டுபிடித்துவிடுவீர்கள். "இங்கே மட்டும் ஏன் இவ்வளவு ஊதா?" என்றால், உட்கருக்கள் நெருங்கியிருக்கின்றனவா, பெருத்திருக்கின்றனவா, கால்சியம் படிந்திருக்கிறதா என்று மூன்று வழி திறக்கும்.

உங்கள் உண்மையான ஓட்டை வேறு இடத்தில் இருக்கிறது என்று நினைக்கிறேன். எம்.பி.பி.எஸ். முதலாண்டில் படித்த நார்மல் ஹிஸ்டாலஜி (இயல்பான திசுக்களின் நுண்ணமைப்பு) நினைவிலிருந்து அழிந்திருக்கும். இயல்பான குடல் எப்படியிருக்கும் என்று தெரியாத கண்ணுக்கு, கெட்டுப்போன குடலும் வெறும் வண்ணம்தான். புத்தகத்தை மூடி வைத்துவிட்டு இரண்டு வாரம் இதை மட்டும் செய்யுங்கள். தனியாக ஸ்லைடு பெட்டி தேடி அலைய வேண்டாம். பெருங்குடல் கேன்சருக்காக வெட்டிய ஸ்பெசிமனில் கட்டியிலிருந்து தள்ளியிருக்கும் மார்ஜின் (வெட்டிய ஓரம்) பெரும்பாலும் இயல்பான பெருங்குடல். வேறு காரணத்துக்காக எடுத்த கருப்பையில் இயல்பான செர்விக்ஸ் (கருப்பை வாய்) கிடைக்கும். கட்டிக்காக எடுத்த சிறுநீரகத்தின் மறுமுனையில் இயல்பான குளோமெருலஸ் (இரத்தத்தை வடிகட்டும் முடிச்சு) இருக்கும். துறையின் பழைய ஸ்லைடு அலமாரியே உங்கள் நார்மல் பெட்டி.

பார்க்கும் முறையிலும் ஒரு ஒழுங்கு வேண்டும். ஸ்லைடை முதலில் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து வெறுங்கண்ணால் பாருங்கள்: எத்தனை துண்டு, எந்தப் பக்கம் அடர்த்தி, எங்கே ஓட்டை. பிறகு 4 மடங்கு பெரிதாக்கும் 4எக்ஸ் லென்ஸில் மூலை விடாமல் ஒரு சுற்று. இந்தச் சுற்றில்தான் உறுப்பு எது, அதன் கட்டமைப்பு எங்கே கலைகிறது என்பது தெரியும். பிறகு 10எக்ஸ், கடைசியில்தான் 40எக்ஸ். எடுத்த எடுப்பில் 40எக்ஸுக்குப் போவது முதலாண்டில் எல்லோரும் செய்யும் தவறு. தெருவே தெரியாமல் வீட்டுக் கதவின் தாழ்ப்பாளை உற்றுப் பார்ப்பது போல அது. பார்த்து முடித்ததும், ரிப்போர்ட்டைத் திறக்கும் முன் ஐந்து வரி எழுதுங்கள். நோயின் பெயர் எழுத வேண்டாம், கண்டதை மட்டும். சிவப்பு, நீலப் பென்சிலில் படமும் வரையுங்கள். கை வரைய மறுக்கும் இடம், கண் பார்க்காத இடம்.

பார்த்த நொடியில் பெயர் சொல்லும் உங்கள் நண்பரைப் பார்த்துக் கூச வேண்டாம். முகம் பார்த்து ஆளைச் சொல்வது போன்ற பழக்கம் அது. நல்ல பழக்கம், ஆயிரம் ஸ்லைடு கடந்தால் உங்களுக்கும் வரும். ஆனால் முகஜாடை ஏமாற்றும் இடங்கள் உண்டு. நோடுலர் ஃபாசியைட்டிஸ் என்ற தீங்கற்ற கட்டியில் செல்கள் அடர்ந்து, மைட்டோசிஸ் (செல் பிரிதல்) நிறையத் தெரிந்து, சார்க்கோமா என்ற புற்றுநோய் போலவே இருக்கும். முன்கையில் சில வாரத்துக்குள் கிடுகிடுவென வளர்ந்த சிறிய கட்டி என்ற விவரத்தோடு, பிரியும் செல்கள் நிறைய இருந்தும் உருக்குலைந்த மைட்டோசிஸ் ஒன்றுகூட இல்லையே என்று கேட்பவர்தான் நோயாளியின் கையைக் காப்பாற்றுவார். உங்கள் பேராசிரியர் "ஏன்" கேட்பது உங்களை மடக்குவதற்கு இல்லை என்றே நம்புகிறேன்.

ஒரு கழுத்து நெறிக்கட்டி, ஐந்து "ஏன்"

புத்தகத்தை அத்தியாய வரிசையில் படிப்பதை நிறுத்தச் சொல்கிறேன். அதற்குப் பதில், அந்த வாரம் உங்கள் மேசைக்கு வந்த ஒரு பிளாக்கை (மெழுகில் பதித்த திசுத் துண்டை) எடுத்து, அதிலிருந்து பின்னோக்கி நடந்து போங்கள். எப்படி என்று ஒன்றை முழுதாகவே காட்டுகிறேன். வடசென்னையில் எந்த மருத்துவமனையிலும் எளிதில் கிடைக்கும் உதாரணம்: வியாசர்பாடியோ கொருக்குப்பேட்டையோ, ஓர் இளம்பெண்ணின் கழுத்தில் நெறி கட்டியிருக்கிறது, பயாப்சி வந்திருக்கிறது.

நடுவில் அமைப்பே இல்லாத ரோஸ் நிறத் திட்டு, அதைச் சுற்றிச் செருப்பின் அடி போல நீண்ட உட்கரு கொண்ட செல்கள், உட்கருக்கள் லாடம் போல ஓரத்தில் அடுக்கிய ஒரு பெரிய செல், வெளியே லிம்ஃபோசைட் என்ற வெள்ளணுக்களின் வளையம். டிபி கிரானுலோமா (கிருமியைச் சூழ்ந்து எதிர்ப்பு செல்கள் கட்டிய முடிச்சு) என்று எழுதிவிடலாம். இப்போது கேளுங்கள்.

அந்த நீண்ட செல்கள் ஏன் வந்தன? கிருமியை விழுங்கும் மேக்ரோஃபேஜால் அதைக் கொல்ல முடிவதில்லை. விழுங்கிய பையோடு செரிக்கும் நொதிகள் உள்ள லைசோசோம் ஒன்றுசேர்வதைக் கிருமி தடுத்துவிடுகிறது. உள்ளேயே பெருகுகிறது. சுமார் 3 வாரம் கழித்து டி-ஹெல்பர் செல்கள் தயாராகி இன்டர்ஃபெரான்-காமா என்ற தூதுப் புரதத்தைச் சுரக்கின்றன. அந்தக் கட்டளை கிடைத்த பிறகே மேக்ரோஃபேஜ் கொல்லும் திறன் பெறுகிறது. அப்படி முடுக்கிவிடப்பட்ட மேக்ரோஃபேஜ்தான் நீங்கள் காணும் எபிதீலியாய்டு செல். அவற்றில் பல ஒன்றாகச் சேர்ந்ததுதான் அந்தப் பெரிய செல்.

நடுப்பகுதி ஏன் இறந்தது? இந்தப் போரில் கிருமியோடு சேர்ந்து நம் திசுவும் அழிகிறது. கிரானுலோமாவின் நடுவே இரத்தக் குழாயும் இல்லை. திரிந்த பால் போன்ற அந்த நெக்ரோசிஸ், நம் எதிர்ப்பு சக்திக்கு நாம் கொடுக்கும் விலை.

டிபி கிருமியைச் சிவப்பாகக் காட்டும் இசட்.என். சாயத்தில் ஏன் ஒரு கிருமிகூடக் கிடைக்கவில்லை? எதிர்ப்பு நன்றாக நடந்திருப்பதால். நேர்த்தியான கிரானுலோமாவில் கிருமி அபூர்வம். அதுவும் 4 மைக்ரான் தடிமனுள்ள ஒரு சீவலில் அது சிக்க வேண்டும். ஆகவே இசட்.என். நெகட்டிவ் என்றால் டிபி இல்லை என்று ஆகாது. மிக அதிகமாகப் பெரிதாக்கும் ஆயில் இம்மெர்ஷன் லென்ஸில் கால் மணி நேரமாவது தேடாமல் நெகட்டிவ் என்று எழுதவும் கூடாது.

எச்.ஐ.வி. முற்றியவரிடம் படம் ஏன் தலைகீழாகிறது? டி-ஹெல்பர்களான சி.டி.4 செல்கள் மிகக் குறைவு, கட்டளை இடுவதற்கு ஆளில்லை. கிரானுலோமா ஒழுங்காக உருவாகாது, மேக்ரோஃபேஜுக்குள் கிருமிகள் கூட்டமாக இருக்கும். மூட்டுவாத நோய்க்கு, அழற்சியைத் தூண்டும் டி.என்.எஃப். என்ற புரதத்தைத் தடுக்கும் மருந்து தொடங்கும் முன் டிபி இருக்கிறதா என்று ஏன் தேடுகிறார்கள்? கிரானுலோமாவைக் கட்டிக் காப்பதில் டி.என்.எஃப்.புக்குப் பெரிய பங்கு உண்டு. சுவரை உடைத்தால் உள்ளே அடைபட்டிருந்தது வெளியே வரும்.

இந்த ஐந்து கேள்விக்கும் விடை தேடப் புத்தகத்தில் மூன்று வெவ்வேறு அத்தியாயங்களைப் புரட்டியிருப்பீர்கள்: அழற்சி, எதிர்ப்பு சக்தி, தொற்றுநோய். மொத்தம் பதினைந்து பக்கம் இருக்கும். அவை மறக்காது, ஏனென்றால் அவற்றுக்கு இப்போது ஒரு கழுத்து இருக்கிறது. நீங்கள் விரும்பிய ஜெனரல் மெடிசினும் இதற்குள்தான் இருக்கிறது என்பதையும் கவனியுங்கள்.

இன்னும் ஒரு "ஏன்" மிச்சமிருக்கிறது, புத்தகத்தில் அது அதிகம் அழுத்திச் சொல்லப்படாது. அந்த நெறிக்கட்டி முழுவதையும் ஆபரேஷன் தியேட்டரிலேயே ஃபார்மலினில் போட்டு அனுப்பியிருந்தால், கல்ச்சருக்கு (கிருமியை வளர்த்துப் பார்க்க) வழியில்லை, கிருமி செத்துவிட்டது. மருந்துக்கு எதிர்ப்பு உள்ள டிபியா என்று சொல்லும் சிபிநாட் பரிசோதனைக்கும் பதப்படுத்தாத திசுவே வேண்டும். பாதியை நார்மல் சலைனிலும் பாதியை ஃபார்மலினிலும் அனுப்பச் சொல்லி சர்ஜரி வார்டுக்கு முன்கூட்டியே போன் செய்வது பெத்தாலஜி மாணவியின் வேலை. அந்த ஒரு போன் இல்லாததால் நோயாளி ஆறு மாதம் தவறான மருந்து சாப்பிட நேரலாம்.

வாரம் ஒரு பிளாக் இப்படிச் செய்தால், வருடத்துக்கு நாற்பதைத் தாண்டும். நோட்டில் இடது பக்கம் படம், வலது பக்கம் நான்கு தலைப்பு: என்ன காரணம், எப்படி நடந்தது, கண்ணுக்கும் மைக்ராஸ்கோப்புக்கும் என்ன தெரிகிறது, நோயாளிக்கு அதனால் என்ன ஆகிறது. நான்காவதை எழுதாமல் விடாதீர்கள். வைவாவில் மெடிசின் ஆசை உள்ளவர்கள் மின்னும் இடம் அது.

நின்றுபோன கடிகாரம்

ஸ்லைடு என்பது ஓடிக்கொண்டிருந்த நோயை ஒரு நொடியில் நிறுத்திப் பிடித்தது. எந்த நொடி என்று சொல்லக் கற்றுக்கொள்வதுதான் பாதிப் பாடம். உங்கள் அப்பா செவுளைத் தூக்கிப் பார்த்து, கண்ணின் தெளிவைப் பார்த்து, சதையை விரலால் அழுத்திப் பார்த்து மீன் எப்போது பிடிபட்டது என்று சொல்லிவிடுவார். மாரடைப்பில் நீங்கள் செய்ய வேண்டியது அதே வேலை. முதல் அரை மணி நேரத்தில் சாதாரண மைக்ராஸ்கோப்பில் ஒன்றும் தெரியாது. 4 முதல் 12 மணி நேரத்தில் தசை இழைகள் நெளிந்து, நெக்ரோசிஸ் தொடங்கும். 1 முதல் 3 நாளில் நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுப் படை, உட்கருக்கள் மறையும். 3 முதல் 7 நாளில் மேக்ரோஃபேஜ்கள் இறந்த தசையைத் தின்று அகற்றும். 7 நாளுக்கு மேல் கிரானுலேஷன் திசு (புண் ஆறும்போது வளரும் புதுத் திசு), 2 வாரத்திலிருந்து கொலாஜன் என்ற உறுதியான நார், 2 மாதம் கடந்தால் முழுத் தழும்பு.

இதை அட்டவணையாக மனப்பாடம் செய்தால் மறந்துவிடும். இதயச் சுவர் கிழிவது ஏன் பெரும்பாலும் 3 முதல் 7-வது நாளுக்குள் நடக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். பழைய தசையைத் தின்று முடித்தாயிற்று, புதிய கொலாஜன் இன்னும் வரவில்லை. சுவர் மிக மெலிந்திருக்கும் நாட்கள் அவை. மொத்த வரிசையும் அந்த ஒரு விடையில் ஒட்டிக்கொள்ளும். இறந்த பிறகு தானாகக் கெட்ட திசுவையும் உயிரோடு இருந்தபோது செத்த திசுவையும் எப்படிப் பிரிப்பது? உயிரோடு இருந்தபோது நடந்ததென்றால் சில மணி நேரத்தில் அழற்சி செல்கள் வந்திருக்கும். செத்த உடலில் யாரும் உதவிக்கு வருவதில்லை.

சென்னை மே மாத வெயிலில் இந்தக் கடிகாரம் லேபிலும் வேகமாக ஓடும். குரோசிங்குக்கு நீங்கள் திரும்பி வரும்போது இந்த அளவுகள் கைவசம் இருக்கட்டும். ஸ்பெசிமனைப் போல் குறைந்தது 10 மடங்கு ஃபார்மலின் வேண்டும். அது ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 1 மி.மீ. தான் உள்ளே இறங்கும். கேசட் என்ற சிறு பெட்டிக்குள் போகும் துண்டு 3 அல்லது 4 மி.மீ. தடிமனுக்கு மேல் போகக் கூடாது. மார்பகத்தை எடுத்த ஒரு மணி நேரத்துக்குள் 5 முதல் 10 மி.மீ. இடைவெளியில் கீறி ஃபார்மலினில் இறக்க வேண்டும், 6 மணி நேரத்துக்குக் குறையாமலும் 72 மணி நேரத்துக்கு மேற்படாமலும் ஊற வேண்டும். சனிக்கிழமை மாலை முழு மார்பகத்தைக் கீறாமல் பக்கெட்டில் போட்டுவிட்டுத் திங்கட்கிழமை திறந்தால் நடுக்கட்டி அழுகியிருக்கும். ஹார்மோன் ரிசப்டார் பரிசோதனை பொய்யாக நெகட்டிவ் காட்டலாம். அந்தப் பெண்ணுக்குக் கிடைத்திருக்க வேண்டிய மாத்திரை கிடைக்காமலே போகும். பெருங்குடல் கேன்சரில் 12 நிணநீர்க் கணுவாவது தேடி எடுங்கள் என்று நச்சரிப்பதும் இதே காரணத்தால்தான். தேடாததால் கிடைக்காத கணு, நோயின் நிலையைக் குறைத்துக் காட்டிவிடும்.

தீசிஸுக்கும் ஒரு வார்த்தை. தலைப்பு இன்னும் பதிவாகவில்லை என்றால், பழைய பாரஃபின் பிளாக்குகளை வைத்துச் செய்யும் ஆய்வை வழிகாட்டியிடம் கேளுங்கள். ஃபார்மலின் பக்கெட் பக்கம் போக வேண்டியிருக்காது, விடுப்பிலும் கணக்கெழுத முடியும். பிளாக்குகள் சரியாகப் பதப்பட்டவைதானா என்று முதலில் பத்தைச் சாயமேற்றிப் பார்த்துவிட்டுத் தலைப்பை உறுதி செய்யுங்கள். நெறிமுறைக் குழு அனுமதிக்கு முன் ஒரு தரவும் சேகரிக்கக் கூடாது. முதலாண்டிலேயே முடிக்க வேண்டிய ஆய்வு முறையியல், நெறிமுறை ஆன்லைன் பாடங்களை, உட்கார்ந்தே செய்ய முடிகிற இந்த மாதங்களில் முடித்துவிடுங்கள்.

அம்மாவுக்கு

போலீஸ் வழக்குகளில் பிரேதப் பரிசோதனை செய்வது தடயவியல் மருத்துவத் துறை. உங்கள் துறை வேறு. அம்மாவிடம் இப்படிச் சொல்லுங்கள்: "ஆபரேஷன் மேசையில ஒருத்தர் மயக்கத்துல இருப்பார்மா. கட்டியில இருந்து ஒரு துண்டு எங்ககிட்ட வரும். இருபது நிமிஷத்துக்குள்ள நாங்க சொல்றதை வெச்சுத்தான் சர்ஜன் இன்னும் வெட்டலாமா, மூடலாமான்னு முடிவு பண்ணுவார்." கட்டியில் ஊசி குத்தும் எஃப்.என்.ஏ.சி. அறையிலும், எலும்பு மஜ்ஜை எடுக்கும்போதும், இரத்த வங்கியிலும் நீங்கள் நோயாளியின் கையைத் தொட்டுத்தான் வேலை செய்யப் போகிறீர்கள்.

சீட்டை விடுவது

இதைத் தப்பென்று சொல்ல மாட்டேன். மனமே ஒட்டாத துறையில் முப்பது வருடம் இருப்பது கொடுமை. ஆனால் "விட்டுவிட்டு எழுதலாம்" என்பது நீங்கள் நினைக்கும் அளவு எளிதில்லை. சேரும்போது கையெழுத்திட்ட பத்திரத்தை எடுத்து முழுதாகப் படியுங்கள். இடையில் விலகினால் கட்ட வேண்டிய தொகை, எத்தனை ஆண்டு கலந்தாய்வில் பங்கேற்க முடியாது என்ற நிபந்தனை, அசல் சான்றிதழ்கள் எப்போது திரும்பக் கிடைக்கும் என்ற மூன்றும் அதில் இருக்கும். அகில இந்திய ஒதுக்கீடா, மாநில ஒதுக்கீடா, எந்த ஆண்டு சேர்ந்தீர்கள் என்பதைப் பொறுத்து இவை மாறும். சீனியர் சொன்னதை நம்ப வேண்டாம். கீழ்ப்பாக்கத்தில் உள்ள மருத்துவக் கல்வி இயக்குநரகத் தேர்வுக் குழுவிடம் எழுத்தில் கேளுங்கள். இப்போது விலகினால் உதவித்தொகையும் மகப்பேறு விடுப்பும் சேர்ந்தே போகும், கையில் குழந்தையோடு நுழைவுத் தேர்வுக்குப் படிக்க வேண்டியிருக்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

"காலையில் எழவே மனம் வருவதில்லை" என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அது இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், தூக்கமும் பசியும் கெட்டிருந்தால், அதைப் படிப்புப் பிரச்சினையாக மட்டும் பார்க்காதீர்கள். கர்ப்ப காலத்தில் மனச்சோர்வு வரும், அதற்குப் பாதுகாப்பான சிகிச்சையும் உண்டு. உங்கள் மகப்பேறு மருத்துவரிடம் சொல்லுங்கள். தயக்கமாக இருந்தால் 14416 என்ற அரசின் டெலி-மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம். சோர்ந்த மனதோடு சீட்டைப் பற்றி முடிவெடுக்க வேண்டாம்.

முடிவை நான்கு மாதம் தள்ளிப் போடுங்கள். இரண்டு வாரம் நார்மல், பிறகு வாரம் ஒரு பிளாக். நான்காவது மாதக் கடைசியில் ஒரு சீனியரிடம் பெயர் மறைத்த பத்து ஸ்லைடு வாங்கி, ஒவ்வொன்றுக்கும் ஐந்து வரியும் இரண்டு "ஏன்"-னும் எழுதுங்கள். ஆறு தேறினால் உங்கள் பிரச்சினை படித்த முறையில்தான் இருந்தது. ஆறு தேறியும், அந்த விடைகளைத் தேடிய இரவுகளில் ஒருமுறைகூட மனம் குதூகலிக்கவில்லை என்றால், பத்திரத்தை எடுத்துக்கொண்டு அப்பா அம்மாவோடும் கணவரோடும் உட்கார்ந்து பேசுங்கள். துறைத் தலைவருக்கான கடிதம் மட்டும் நாளைக் காலையே போகட்டும்.